கடைசிப் பக்கம் இல்லாத அம்மானை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை யோகலிங்கத்தார் இடியப்பத்தை முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, இனிமேல் இந்த வீட்டில் ஞாயிறு தோறும் பழைய நல்ல நூல் ஒன்று வாய்விட்டு வாசிக்கப்படும் என்று அறிவித்தார். அறிவித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். திருகோணமலைத் துறைமுகக் கந்தோரில் இருபது வருடமாகப் பெரிய கிளாக்கராக இருக்கிற மனிதருக்கு வீட்டிலும் சுற்றறிக்கை விட்டுத்தான் பழக்கம்.

"சின்னவள் இந்திராணி வாசிப்பாள். நான் பயன் சொல்லுவன். நீ இருந்து கேள்," என்றார் மனைவியிடம்.

நல்லம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "எந்தப் புத்தகம்?" என்று கேட்டாள்.

"அதை நீ போய் வாசிகசாலையில எடுத்துக்கொண்டு வா. பெரியாக்கள் மதிக்கிற பழைய நூலா இருக்க வேணும். காதல் கீதல் ஒண்டும் இருக்கப்படாது."

பெரிய கிளாக்கர் தானே போய் எடுத்து வரலாம். அன்புவழிபுரத்திலிருந்து வாசிகசாலை ஒன்றும் கதிர்காமத்துத் தூரம் அல்ல. ஆனால் ஒன்றரை வருடமாக அவர் கந்தோரையும் வீட்டையும் தவிர வேறெங்கும் போவதில்லை. கோயிலை விட்டார், சந்தையை விட்டார், முடிவெட்டவும் ஆள் வீட்டுக்கு வர வேண்டியதாயிற்று. காரணம் மூத்த மகள் பாக்கியரத்தினம். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்த தவராசா என்ற பெடியனை, அதுவும் இலங்கைத்துறையில் கரைவலை இழுக்கும் மீனவர் ஒருவரின் மகனை, அவள் வீட்டுக்குச் சொல்லாமல் பதிவுக் கலியாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் பெயர் அந்த வீட்டில் சொல்லப்படுவதில்லை. அதற்குச் சுற்றறிக்கைகூடத் தேவைப்படவில்லை.

மூதூரிலிருந்து சேலை விற்க வருகிற ஜெமீலா போன கிழமை குசினி வாசலில் நின்று, பாக்கியத்துக்குப் பெண்பிள்ளை பிறந்து ஏழு மாதமாகிறது என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பிள்ளையைத் தூக்க வேண்டும், மகளை இந்த வீட்டு வாசலால் உள்ளே எடுக்க வேண்டும் என்பதைத் தவிர நல்லம்மாவின் மனதில் வேறொன்றும் இல்லை. சொல்லத்தான் வழியில்லை. வாய் திறந்தால் அவர் எழும்பிப் போய்விடுவார்.

வாசிப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். யோகலிங்கத்தார் முன்பு கோயிலில் புராணப் படிப்புக்குப் பயன் சொல்லுகிறவர். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் அதன் கருத்தை விரித்துச் சொல்வார். அதுதான் பயன். அதற்கு இரண்டு சட்டங்கள் உண்டு. பயன் சொல்லும்போது குறுக்கே ஒருவரும் கதைக்கக் கூடாது. தொடங்கிய நூலை முற்றாமல் மூடக் கூடாது. கோயிலுக்குப் போவதை விட்டாலும் சட்டங்களை அவர் விடவில்லை. வீட்டிலும் அப்படியே நடக்கும் என்று மகளுக்கும் மனைவிக்கும் இரண்டு தரம் சொல்லிவைத்தார்.

திங்கட்கிழமை நல்லம்மா வாசிகசாலைக்குப் போனாள். அங்கே புத்தகங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் முனாப். நாற்பது வயது, மூக்குக் கண்ணாடி, எதையும் அறியாவிட்டால் சோறு இறங்காத சுபாவம். அவர் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"காதல் இல்லாத பழைய நூலோ? அக்கா, அப்பிடிப் பாத்தா என்னால அகராதிதான் தர ஏலும்."

நல்லம்மா சிரித்துவிட்டாள். சிரித்து எத்தனை மாதம் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில், வழி முழுக்க மனதில் வைத்துக்கொண்டு வந்ததைக் கேட்டாள்.

"தம்பி, வீட்டை விட்டுப் போன மகளைத் தகப்பன் திரும்ப உள்ளுக்கு எடுக்கிற கதை ஒண்டு இருக்கோ?"

ஊருக்கே தெரிந்த விஷயம் முனாப்புக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் அவர் ஒன்றும் கேட்கவில்லை. "இருக்கத்தானே வேணும்," என்று சொல்லி எழும்பி அலுமாரியைத் திறந்தார்.

இருக்கத்தான் வேண்டும். ஆனால் இல்லை. மூன்று கிழமை தேடினார்கள்; ஏற்ற நூல் இன்னும் அகப்படவில்லை என்று நல்லம்மா வீட்டில் தவணை சொல்லிவைத்தாள். நல்லம்மா ஒரு தடவைக்கு இரண்டு மூன்று புத்தகமாகச் சேலைத் தலைப்பில் மறைத்துக் கொண்டுபோய், பகலில் குசினியில் இருந்து கடைசிப் பக்கங்களை முதலில் வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவளுக்கு அதிசயமாக இருந்தது; பிறகு கோபம் வந்தது. கடல் தாண்டிப் போன மகன் திரும்பினால் முரசு கொட்டினார்கள். கோபித்துக்கொண்டு போன மருமகனைக்கூட ஆள் அனுப்பி அழைத்தார்கள். காணாமல் போன குதிரைக்குக்கூட ஒரு படலம் இருந்தது. மகள் போனால் மட்டும் அவள் கல்லாக வேண்டும், கிளியாக வேண்டும், இல்லாவிட்டால் ஊருக்கு வெளியே தெய்வமாக வேண்டும். வீட்டுக்குள் வந்து இருந்து ஒரு வாய் சோறு தின்ன ஒரு புலவனும் அவளை விடவில்லை.

முனாப்புக்கும் இது பெரிய வருத்தமாகப் பிடித்துவிட்டது. கிண்ணியாவில் இருந்த தன் மாமாவிடமும் போய் விசாரித்துக்கொண்டு வந்தார்.

"எங்கட கிஸ்ஸாக் கதையளிலயும் பாத்தன், அக்கா. ராசகுமாரிமார் கடல் தாண்டிப் போகினம், மலை தாண்டிப் போகினம். வாப்பா வீட்டுக்குத் திரும்பி வாறதைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. ஏன் எழுதேல்லை எண்டு யோசிச்சு எனக்கு நித்திரையும் இல்லை."

"வீட்டில என்ன சொல்லுகினம்?"

"என்ர பெண்சாதி லைலா சொல்லுறா, எழுதினதெல்லாம் ஆம்பிளையள், வேறென்ன எண்டு."

நாலாவது கிழமை, அலுமாரியின் அடித்தட்டில் மட்டை இல்லாத ஒரு பழைய அச்சுப் புத்தகத்தை முனாப் கண்டெடுத்தார். முத்துநகையாள் அம்மானை என்ற கதைப்பாட்டு. யார் பாடியது என்ற பக்கமும் இல்லை. முனாப் ஒரே மூச்சில் அதை வாசித்துவிட்டு அவளுக்காகக் காத்திருந்தார்.

"ராசான்ர மகள் முத்துநகையாள். ஓடக்காரன் ஒருத்தனோட போறாள். பிறகு கைப்பிள்ளையோட திரும்பி வந்து கோட்டை வாசலில நிக்கிறாள்."

நல்லம்மா மேசையைப் பிடித்துக்கொண்டாள். "பிறகு?"

"பிறகு தெரியாது. மிச்சத்தைச் செல்லு திண்டிட்டுது."

"ராசா திறந்தாரோ இல்லையோ எண்டு ஒருத்தருக்கும் தெரியாதோ?"

"என்ர காலத்தில இதை ஒருத்தரும் எடுத்து வாசிக்கேல்லை, அக்கா. அதோட, உங்கட வீட்டுக்காரர் காதல் வேண்டாம் எண்டவரெல்லோ?"

"ஓடக்காரன் எத்தினையாம் பக்கத்தில வாறான்?"

முனாப் புரட்டிப் பார்த்தார். "நாப்பத்தோராம் பக்கம். அதுவரைக்கும் கடவுள் வாழ்த்து, மழை, ஆறு, வயல், பட்டணம்."

நல்லம்மா புத்தகத்தை எடுத்துச் சேலைத் தலைப்பில் சுற்றினாள். நாற்பது பக்க மழைக்குப் பிறகு எந்த நூலையும் அவள் புருஷனால் மூட முடியாது. அவருடைய சட்டமே விடாது.

நூலில் மழை பெய்து முடிய மூன்று ஞாயிறு சென்றது. இந்திராணிக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் பாட்டுக்குப் பரிசு வாங்கிய குரல். அவள் இரண்டு பக்கம் வாசிப்பாள். யோகலிங்கத்தார் கதிரையில் நிமிர்ந்து இருந்துகொண்டு, மேகம் கடலில் நீர் மொண்டதையும் ஆறு மலையிலிருந்து சந்தனத்தை அடித்து வந்ததையும் அரைமணி நேரம் விரித்துச் சொல்வார். வெருகல் ஆற்றையும் நடுவே இழுத்து வருவார். மனிதருடைய முகத்தில் ஒன்றரை வருடத்துக்குப் பிறகு வெளிச்சம் தெரிந்தது.

"இதெல்லோ நூல்! ஒரு கூடாத சொல் இருக்கோ, பார். நல்லாத்தான் தெரிஞ்செடுத்திருக்கிறாய்," என்று மனைவியைப் புகழ்ந்தார். நல்லம்மா அரிசியை இன்னும் கவனமாகப் பொறுக்கினாள்.

ஐந்தாவது ஞாயிறு ஓடக்காரன் வந்தான். முத்துநகையாள் தோழிகளோடு ஆறு கடக்கப் போனாள், ஆறு கடந்தாள், திரும்பவில்லை. இந்திராணியின் குரல் இறங்கி நின்றது. யோகலிங்கத்தார் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கி, தானே ஒருமுறை பார்த்தார். காது சிவந்தது.

"ஆர் எடுத்தது இதை?"

"நீங்கள் சொன்ன மாதிரிப் பழைய நூல்தானே," என்றாள் நல்லம்மா.

"மூடு இதை."

இந்திராணி பயந்துபோய்த்தான் சொன்னாள். ஆனாலும் சொன்னாள். "முற்றாமல் மூடக்கூடாதெண்டு நீங்கள்தானே அப்பா சொன்னனீங்கள்?"

அவர் எழும்பி வாசல் வரை போனார். சட்டம் மற்றவர்களுக்கு மட்டும் என்று நினைக்கிற மனிதராக இருந்தால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். அவர் அப்படிப்பட்டவர் அல்லர். அதற்காகவாவது அவரை மதிக்க வேண்டும். திரும்பி வந்து கதிரையில் இருந்தார்.

"வாசி," என்றார்.

அரசன் அன்று சபைக்குப் போகவில்லை என்று ஒரே ஒரு வரியில் பாட்டுச் சொன்னது. அந்த ஒரு வரிக்கு யோகலிங்கத்தார் பயன் சொல்லத் தொடங்கினார்.

"ஏன் சபைக்குப் போகேல்லை? மந்திரிமார் கேப்பினம் எண்டோ? இல்லை. கேக்க மாட்டினம். அதுதான் பயம். கேட்டா ஒரு மறுமொழி சொல்லலாம். ஒருத்தரும் கேக்காமல், கண்டவுடன கதையை நிப்பாட்டினா மனுசன் என்ன செய்வான்? ஓடக்காரனோட போனதுகூடப் பெரிசில்லை. முதல்நாள் பின்னேரம் அவள் தகப்பனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து குடுத்தவள். அவர் கோப்பையை வாங்கிக்கொண்டு, மழை வரப்போகுது, உடுப்பை எடு பிள்ளை எண்டவர். ஓமப்பா எண்டு சொல்லிப்போட்டுப் போனவள். அப்ப ஒரு சொல்லு சொல்லியிருக்கலாம். ஒரு சொல்லு."

எந்த நாட்டு ராசகுமாரி தேத்தண்ணி ஊற்றினாள்? இந்திராணி புத்தகத்தைக் குனிந்து பார்த்தாள். அப்படி ஒரு வரியும் அதில் இல்லை. கேட்கவும் ஏலாது. பயன் சொல்லும்போது குறுக்கே கதைக்கக் கூடாது.

நல்லம்மாவின் கை சுளகிலேயே நின்றுவிட்டது. இந்த மனிதரைக் கல் என்று அவள் நினைத்திருந்தாள். ஒன்றரை வருடம் பக்கத்தில் படுத்திருந்தும் அந்தத் தேத்தண்ணி அவருக்குத் தொண்டையில் நிற்பது அவளுக்குத் தெரியாமல் போயிற்று. அவருக்காகவும் அவளுக்கு அழுகை வந்தது. அரிசியில் கல்லைத் தேடுவதுபோல் முகத்தைக் குனிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் அவர் முத்துநகையாளைத் திட்டுவதைக் குறைத்துக்கொண்டார். நாட்டில் பஞ்சம் வந்தபோது, அவள் என்ன தின்றாள் என்று நூல் சொல்லவில்லையே என்று குறைப்பட்டார். காட்டில் அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது, பக்கத்தில் மருத்துவிச்சி இருந்தாளா என்று இந்திராணியிடம் இரண்டு தரம் திருப்பி வாசிக்கச் சொன்னார். கடைசியாக ஒரு ஞாயிறு அவள் கோட்டைக்கு வந்து சேர்ந்தாள்.

"கோட்டை வாசலிலே கோமகளும் நின்றாளே
வாட்டமுற்ற பிள்ளையொடு வாய்பேசா நின்றாளே
காவலனும் உள்ளேபோய்க் கொற்றவனைக் கண்டானே..."

இந்திராணி நிறுத்தினாள்.

"வாசி, பிள்ளை."

"முடிஞ்சுதப்பா. இதுக்குப் பிறகு பக்கம் இல்லை."

"என்ன விசர்க் கதை!" புத்தகத்தைப் பறித்துப் புரட்டினார், கவிழ்த்தார், உதறினார். செல்லரித்த தூள்தான் மடியில் கொட்டியது. "ராசா என்ன சொன்னவன்? திறந்தவனோ? மிச்சம் எங்க?"

"செல்லு திண்டிட்டுதாம்," என்றாள் நல்லம்மா.

அன்று அவர் மத்தியானச் சோற்றை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. திங்கட்கிழமை கந்தோர் விட்டு நேரே வீட்டுக்கும் வரவில்லை. அவர் வாசிகசாலைக்குள் நுழைந்து, முடிவு இல்லாத நூலை எப்படி ஐயா வெளியில குடுப்பீர் என்று மேசையில் அடித்துக் கேட்டதை முனாப் பிறகு சிரித்துச் சிரித்து நல்லம்மாவிடம் சொன்னார். செவ்வாய் சலூனுக்குப் போனார். புதன் சந்தைக்குப் போனார். பழைய நூல் தெரிந்தவர்கள் எங்கே இருப்பார்கள் என்று கண்டவரையெல்லாம் விசாரித்தார். அவரைக் கண்டால் விலகிப் போகிறார்கள் என்று எந்த மனிதர்களைப் பற்றி நினைத்திருந்தாரோ, அவர்களே கதிரை இழுத்துப் போட்டார்கள். ஒருவரும் பாக்கியத்தைப் பற்றிக் கேட்கவில்லை. எல்லாரும் முத்துநகையாளைப் பற்றித்தான் கேட்டார்கள். ராசா திறந்திருப்பான் என்று சலூன்காரர் சொன்னார். ராசமாருக்கு அப்படி மனம் வராது என்று மீன்கடை அலியார் சொன்னார். கிழமை முடிவதற்குள் கடைத்தெருவில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது.

சனிக்கிழமை கோயிலுக்கும் போனார். அங்கே தம்பிராசா என்ற பழைய படிப்புக்காரர் ஒருவர் இருந்தார். கண் மங்கிவிட்டது, ஆனால் பாட்டு மங்கவில்லை. அந்த அம்மானையின் கடைசிப் பகுதி அவருக்கு மனப்பாடம். அவர் சொல்லச் சொல்ல, யோகலிங்கத்தார் கந்தோர்க் கடுதாசியில் எழுதிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்தவர் நேரே போய்க் கதிரையில் இருந்தார். கடுதாசியைச் சேர்ட் பையிலேயே வைத்திருந்தார். நல்லம்மா அவருடைய முகத்தைப் பார்த்தாள். ராசா திறக்கவில்லை என்பது அந்த முகத்திலேயே எழுதியிருந்தது. எவ்வளவு புத்தகம் இருக்க, மகளுக்கு எதிராகக் கதவை அடைக்கிற புத்தகத்தைத் தன் கையாலேயே எடுத்துக்கொண்டு வந்தேனே என்று தன்னையே நொந்துகொண்டாள். இனி அவருக்குப் பழைய நூலின் சாட்சியும் கிடைத்துவிட்டது. இனி என்ன சொல்லித் திறப்பிப்பது?

ஞாயிறு காலை பத்து மணிக்கு மூன்று பேரும் வழமையான இடத்தில் இருந்தார்கள். அவர் கடுதாசியை எடுத்து இந்திராணியிடம் கொடுத்தார். அவள் வாசித்தாள்.

வாசலில் நிற்பது யாரென்று அரசன் அறிந்தான். சபையை அனுப்பிவிட்டான். தனியே இறங்கிக் கதவடிக்கு வந்தான். கதவுக்கு அந்தப் பக்கம் பேரப்பிள்ளை அழும் சத்தம் கேட்டது. அரசன் கதவின் தாழில் கையை வைத்தான். வைத்த கையை எடுக்கவும் இல்லை. தாழை இழுக்கவும் இல்லை. விடியும் வரை அப்படியே நின்றான். விடிந்தபோது அந்தப் பக்கம் சத்தம் இல்லை. அதோடு அம்மானை முற்றிற்று.

இனிப் பயன் சொல்ல வேண்டும். யோகலிங்கத்தார் தொண்டையைச் செருமினார். "அரசனானவன்..." என்று தொடங்கினார். நிறுத்தினார். வெளியே அப்பக்காரி கூவிக்கொண்டு போனாள். "ராசநீதி எண்டு ஒண்டு..." என்று இன்னொரு தரம் தொடங்கி, அதையும் விட்டார்.

இந்திராணிக்குப் பொறுக்க முடியவில்லை. கூடாது என்று தெரிந்தும் சட்டத்தை உடைத்தாள்.

"கையை வச்சவர் ஏனப்பா திறக்கேல்லை?"

அவர் மகளைப் பார்த்தார். கோபிக்கவில்லை.

"வெக்கம், பிள்ளை," என்றார். "கோவமெண்டா கதவடிக்கு வந்திருக்க மாட்டான். விடியக்காலமை திறந்தா ஏன் பின்னேரமே திறக்கேல்லை எண்டு கேப்பாளெண்ட வெக்கம். ஒவ்வொரு நாழிகையும் அது கூடிக்கொண்டுதான் போகும். குறையாது." கடுதாசியை வாங்கி நாலாக மடித்தார். "விசரன், புத்தி கெட்டவன். பெரிய ராசா, ஆனா சரியான விசரன். இதுக்கு வேற பயன் இல்லை."

எழும்பி அறைக்குள் போனார். திரும்பி வந்தபோது வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார். பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தது.

"மூதூருக்கு லாஞ்ச் எத்தினை மணிக்கு?"

நல்லம்மா சுளகோடு எழும்பிவிட்டாள். "ஒரு மணிக்கு ஒண்டு இருக்கு. அங்கால பஸ்ஸில போக வேணும். இலங்கைத்துறையில இறங்கி ஆரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவினமாம்."

"சரி."

"அங்க போய் என்ன சொல்லப்போறியள்?"

யோகலிங்கத்தார் குடையைத் தேடிக்கொண்டே சொன்னார். "ஒண்டும் சொல்லேல்லை. படலையைத் தட்டிப்போட்டு வெளியில நிப்பன். திறக்கிறதும் திறக்காததும் அவளின்ர எண்ணம்."

நல்லம்மா சுளகை அப்படியே போட்டுவிட்டுச் சேலை மாற்ற ஓடினாள்.